சிங்கப்பூர் தெலுக் ஆயர் பக்கத்துச் சின்ன காக்டெய்ல் பார்கள்: முதன்முறை போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஊரிலிருந்து யார் வந்தாலும் லிட்டில் இந்தியா, மரினா பே எல்லாம் சுற்றிக் காட்டிவிட்டு, ஒரு சாயங்காலம் தெலுக் ஆயர் பக்கம் கூட்டிப்போவது என் வழக்கம். பல வருடமாக என் அலுவலகம் அங்கேதான். வேலை முடிந்து, கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிய பழைய கடைவீட்டு மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு பாரில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வீட்டுக்குப் போவது எனக்குப் பிடித்த விஷயம். கூட வருகிறவர்கள் போகும் வழியிலேயே கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான், அதனால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நம் ஊர் பாருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

தமிழ்நாட்டில் பார் என்றதும் பலருக்கும் டாஸ்மாக் கடையும் அதை ஒட்டிய பாரும்தான் ஞாபகம் வரும். குவார்ட்டர், சைடு டிஷ், சத்தம், சீக்கிரம் குடித்துவிட்டுக் கிளம்பும் அவசரம். பெரிய ஹோட்டல் பார் என்றால் சோபா, மங்கலான வெளிச்சம், எங்கிருந்தோ தட்டில் வரும் பானம்.

நான் சொல்லும் சின்ன பாரில் பானம் உங்கள் கண்ணெதிரே உருவாகிறது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒருவரோ இருவரோ நிற்பார்கள். சர்பத், ஊறவைத்த மசாலா, மூலிகைக் கஷாயம் மாதிரியான கசப்புச் சாறுகள் எல்லாம் பெரும்பாலும் அவர்களே செய்தவை. ஒரு கிளாஸுக்கு ஐந்து நிமிஷம் எடுத்துக்கொள்வார்கள். உங்களோடு பேசுவார்கள். நல்ல தோசை மாஸ்டர் முன்னால் உட்கார்ந்து, அவர் கல்லைத் துடைப்பதிலிருந்து பார்த்துக்கொண்டே சாப்பிடுகிற மாதிரி என்று அம்மாவுக்கு ஒருமுறை விளக்கினேன். அம்மாவுக்குப் புரிந்தது.

எதற்கு தெலுக் ஆயர்? பார்கள் எல்லா இடத்திலும் இருக்கிறதே?

இருக்கின்றன. கியோங் சாய்க் ரோடு, ஜாலான் புசார், காம்போங் கிளாம் என்று எங்கே போனாலும் நல்ல பார் கிடைக்கும். ஆனால் தெலுக் ஆயர் ஸ்ட்ரீட், அமோய் ஸ்ட்ரீட், ஆன் சியாங் ஹில் மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருப்பதால், நடந்தே ஒரு சாயங்காலத்தைக் கழிக்கலாம்.

இந்தத் தெருவை எனக்குப் பிடிக்க இன்னொரு காரணம் உண்டு. தெலுக் ஆயர் ஒரு காலத்தில் கடற்கரை. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் கடலைத் தூர்ப்பதற்கு முன்பு, கப்பலில் வந்தவர்கள் இங்கேதான் கரையேறினார்கள். உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்ல அவரவர் கோயிலையும் பள்ளிவாசலையும் இங்கேயே கட்டினார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம் ஆட்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையில் நாகூர் ஆண்டவர் நினைவாக ஒரு தர்காவைக் கட்டினார்கள். அதே தெருவில் கொஞ்சம் தள்ளி அல்-அப்ரார் பள்ளிவாசல் இருக்கிறது. 1827-இல் அது ஓலைக் குடிசையாக இருந்ததால் ‘குச்சுப்பள்ளி’ என்று பெயர். இரண்டுக்கும் நடுவில் ஹொக்கியன் சீனர்கள் கட்டிய தியான் ஹாக் கெங் கோயில். கொஞ்சம் நடந்தால் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827-இல் நாராயண பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோயில்.

பாருக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் முதலில் நிறுத்துவது நாகூர் தர்கா முன்னால்தான். வெளிச்சம் இருக்கும்போதே போய், அதன் சின்னச் சின்ன மினார்களைப் பாருங்கள். பள்ளிவாசலும் கோயிலும் இருக்கும் தெரு இது. திரும்பி வரும்போது சத்தம் போடாமல் நடக்க வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்வதும் அதனால்தான்.

விலாசத்துக்கு வந்துவிட்டேன், பாரைக் காணோமே?

மாடியைப் பாருங்கள். இங்கே கடைவீடுகளின் விலாசத்தில் எண்ணுக்குப் பின்னால் ‘ஏ’ என்று இருந்தால் பெரும்பாலும் முதல் மாடி என்று பொருள். ‘பி’ என்றால் அதற்கு மேல். கீழே சாப்பாட்டுக் கடையோ அலுவலகமோ இருக்கும். பக்கத்தில் ஒரு ஒடுக்கமான கதவு, உள்ளே செங்குத்தான படி. கடைவீட்டுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை ஓடும். ஐந்தடி வழி என்பார்கள், ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் 1822-இல் போட்ட நகரத் திட்டத்திலிருந்து வந்த வழக்கம். அந்த நடைபாதைக்குள் நுழைந்து நடந்தால்தான் இந்தக் கதவுகள் கண்ணில் படும். எதிர்ச் சாரியில் நின்று தேடினால் கிடைக்காது.

சில பார்கள் வேண்டுமென்றே பெயர்ப் பலகை வைப்பதில்லை. ஹாங்காங் ஸ்ட்ரீட்டில் 2011-இல் திறந்த ‘28 ஹாங்காங் ஸ்ட்ரீட்’ அப்படித்தான், கதவில் வீட்டு எண் மட்டும். அதன் பிறகு இந்த ஊரில் பலரும் அந்த வழியைப் பின்பற்றினார்கள். தயங்காமல் கதவைத் தள்ளுங்கள். தப்பான கதவாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முழங்கால் வலி உள்ளவர்கள் கூட வந்தால் முன்னாலேயே விசாரித்துவிடுங்கள். பெரும்பாலான பழைய கடைவீடுகளில் லிஃப்ட் கிடையாது.

முன்பதிவு அவசியமா?

திங்கள் முதல் புதன் வரை, ஏழு மணிக்கு முன்னால் போனால் பெரும்பாலும் வேண்டாம். வெள்ளி, சனி என்றால் கட்டாயம். பலரும் இணையத்திலேயே பதிவு வைத்திருக்கிறார்கள். சில இடத்தில் கடன் அட்டை எண் கேட்பார்கள், வராமல் போனால் ஒரு தொகை பிடித்துக்கொள்வார்கள். பன்னிரண்டே இருக்கை உள்ள கடையில் இரண்டு பேர் சொல்லாமல் வராமல் போனால் அன்றைய வருமானத்தில் அது பெரிய துண்டு விழும். அதனால் அதில் எனக்குக் குறை இல்லை. வர முடியாவிட்டால் ஒரு வரி செய்தி அனுப்பிவிடுங்கள்.

நேரத்துக்குப் போங்கள். ஒருமுறை மழையில் மாட்டிக்கொண்டு இருபத்தைந்து நிமிஷம் தாமதமாகப் போனேன். இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு போன் செய்திருந்தால் வைத்திருப்போம் என்றார் வாசலில் நின்ற பெண். தப்பு என்னுடையதுதான்.

நாங்கள் ஏழு பேர். ஒன்றாகப் போகலாமா?

வேண்டாம். இரண்டு பேர் போனால் அருமை, மூன்று பேர் சரி, நான்குக்கு மேல் போனால் இடமும் கிடைக்காது, நீங்கள் போனதன் பலனும் கிடைக்காது. என் தம்பி நண்பர்களோடு ஒரு வெள்ளிக்கிழமை ஏழு பேராக வந்து, மூன்று பார்களில் ஏறி இறங்கினான். கடைசியில், பீரும் விற்கிற இந்த ஊர்க் காப்பிக் கடை ஒன்றில் உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தார்கள். அவர்களுக்கு அதுதான் பொருத்தமும். ஏழு பேர் சேர்ந்தால் சிரித்துப் பேசத்தான் தோன்றும், அதற்குத் திறந்தவெளியும் பெரிய மேசையும் வேண்டும்.

என்ன உடுத்திக்கொண்டு போவது?

அலுவலகத்துக்குப் போகிற உடுப்பு போதும். ஆண்கள் அரைக்கால் சட்டையையும் ரப்பர் செருப்பையும் தவிர்த்துவிடுங்கள். புடவையும் சல்வாரும் தாராளமாகப் போடலாம். உள்ளே ஏசி நன்றாகக் குளிரும், ஒரு துப்பட்டா கையில் இருக்கட்டும். வாசனைத் திரவியத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். சின்ன அறை, பக்கத்து இருக்கைக்காரர் தன் கிளாஸை மூக்கருகே கொண்டுபோகும்போது உங்கள் சென்ட் அங்கே முந்திக்கொள்ளக் கூடாது.

கவுண்டரில் உட்காரலாமா, மேசையிலா?

கவுண்டர். நீங்கள் இரண்டு பேர் மனம்விட்டு ஏதோ பேச வேண்டும் என்றால் மட்டும் மேசை.

என் அத்தை மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்தபோது முதலில் மேசைப் பக்கம்தான் போனாள். “ஏண்டி, அவங்க முன்னாடியே உக்காந்து என்ன பேசுறது?” என்று கேட்டாள். இழுத்துக்கொண்டு வந்து கவுண்டரில் உட்காரவைத்தேன். பார்டெண்டர் ஒரு சின்ன நாப்கினை அவள் முன்னால் விரித்தார், தண்ணீர் வைத்தார், பெயர் கேட்டார். அவள் எதிரிலேயே ஒரு நீளமான ஐஸ் கட்டியை எடுத்து, ரொட்டி வெட்டுகிற பல் கத்தியால் ஒரு கோடு கீறி, மேலே ஒரு தட்டு தட்டினார். கண்ணாடி மாதிரி இரண்டாகப் பிரிந்தது. ஓரங்களைச் செதுக்கி கிளாஸுக்குள் இறக்கினார், சரியாகப் பொருந்தி உட்கார்ந்தது. “ஐஸ் உள்ள இருக்கறதே தெரியலையே” என்றாள். அங்கிருந்து தொடங்கி முக்கால் மணி நேரம் அவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் உறைவதால் காற்று நடுவில் மாட்டிக்கொண்டு வெள்ளையாகிவிடுகிறது, ஒரே பக்கத்திலிருந்து மெதுவாக உறையவைத்தால் காற்று மறுபக்கம் தள்ளப்படும், அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டால் மிச்சம் பளிங்கு என்று அவர் விளக்கினார். ஊருக்குத் திரும்பியதும் தெர்மாகோல் பெட்டியில் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திறந்து ஃப்ரீசரில் வைத்து அவளே செய்து பார்த்துவிட்டாள். இப்போது அவள் வீட்டு நன்னாரி சர்பத்தில் அந்த ஐஸ்தான் மிதக்கிறது.

மெனுவில் ஒரு வரிகூடப் புரியவில்லை. என்ன கேட்பது?

இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பானத்தின் பெயர் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் நாக்குக்கு என்ன பிடிக்கும் என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, புளிப்பா, இனிப்பா, கசப்பா, காரமா. இரண்டு, எலுமிச்சைச் சாறு மாதிரி உயரக் கிளாஸில் மெதுவாகக் குடிக்கக் கூடியதா, சின்னக் கிளாஸில் ஸ்ட்ராங்காக இருப்பதா. மூன்று, பிடிக்காதது எது. “எனக்கு எலுமிச்சையும் இஞ்சியும் பிடிக்கும், ரொம்ப இனிப்பு வேண்டாம், விஸ்கி வாசனை ஒத்துக்கொள்ளாது” என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் முகம் மலர்ந்துவிடும். அவருக்கு அதுதான் வேலை செய்வதற்கான சரக்கு.

மதுவே பேசாதீர்கள், சாப்பாடு பேசுங்கள் என்றுகூடச் சொல்வேன். மாங்காயும் உப்பும் மிளகாய்த்தூளும் பிடிக்கும், ரசத்தில் மிளகு தூக்கலாக இருக்க வேண்டும், பானகம் பிடிக்கும் என்று சொன்னால் இந்த ஊர் பார்டெண்டர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஏனென்றால் அவர்கள் சமையலறையிலும் அதே பொருள்கள்தான். பாண்டான் இலை, குலா மெலாக்கா என்ற தென்னங்கருப்பட்டி, கலமான்சி எலுமிச்சை, புளி, எலுமிச்சைப்புல், கறிவேப்பிலை எல்லாம் இங்கே கிளாஸுக்குள் வருகின்றன. அமோய் ஸ்ட்ரீட் 52ஏ-யில் விஜய் முதலியார் 2016-இல் ‘நேட்டிவ்’ என்ற பாரைத் தொடங்கியபோது, இந்த வட்டாரத்தில் விளைவதையும் காய்ச்சுவதையும் வைத்தே பானம் செய்வது என்று முடிவெடுத்தார். அதுவரை வெளியூரிலிருந்து வரும் பாட்டிலையே பெரிதாக நினைத்தவர்களுக்கு அது ஒரு திறப்பு. இலங்கையில் தென்னங்கள்ளைக் காய்ச்சி வடிக்கும் சாராயத்தை உயர்ந்த பானமாக மதித்து எடுத்து வைக்கும் பார்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கும். நாம் வீட்டில் பெயர் சொல்லவே கூச்சப்படுகிற ஒன்றை, அதன் மரத்தையும் மண்ணையும் சொல்லி மரியாதையோடு ஊற்றுகிறார்கள்.

ஒரு கிளாஸுக்கு இவ்வளவு நேரமா? சில பானங்களைக் குலுக்குகிறார்கள், சிலதை மெதுவாகக் கிண்டுகிறார்களே?

எலுமிச்சைச் சாறு, முட்டை வெள்ளை, பால் மாதிரி ஏதாவது சேர்ந்தால் ஷேக்கரில் போட்டு வேகமாகக் குலுக்குவார்கள். காற்று உள்ளே போய் நுரை வரும், எல்லாம் ஒன்றாகக் கலக்கும். மதுவும் கசப்புச் சாறும் மட்டும் உள்ள பானம் என்றால் கிண்டினால் போதும், தெளிவாகவும் வழவழப்பாகவும் இருக்கும்.

இரண்டிலும் நடக்கும் முக்கியமான வேலை குளிர வைப்பதும் தண்ணீர் சேர்ப்பதும். ஐஸ் உருகி அந்தத் தண்ணீர் பானத்தில் சேர வேண்டும், முடிந்த பானத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு அதுதான். குறைந்தால் தொண்டை எரியும், கூடினால் சப்பென்று ஆகிவிடும். அதனால்தான் கிண்டும்போது நடுவில் ஒரு துளியைக் கையின் பின்புறத்திலோ ஸ்ட்ராவிலோ எடுத்துச் சுவைத்துப் பார்க்கிறார்கள். நீளக் கரண்டியின் முதுகு கிளாஸின் உட்சுவரை ஒட்டியே வழுக்கிக்கொண்டு சுற்றும், ஐஸ் ஒன்றோடொன்று மோதும் சத்தம்கூடக் கேட்காது. பழகிய கை அது. அந்த அரை நிமிஷம் அவரிடம் பேச்சுக் கொடுக்காமல் பாருங்கள்.

பானம் வந்ததும் போனை எடுக்காமல் முதல் மடக்கு குடியுங்கள். அந்தக் குளிர்ச்சி இரண்டு நிமிஷம்தான் நிற்கும்.

நான் சைவம். கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

நிறைய உண்டு, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. மேலே வெள்ளை நுரை நிற்கும் புளிப்புப் பானங்களில் பெரும்பாலும் பச்சை முட்டை வெள்ளைக்கரு இருக்கும். கேட்டால் அது இல்லாமல் செய்து தருவார்கள். சில இடத்தில் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை ஊற்றிக் குலுக்குகிறார்கள், நுரை அதே மாதிரி வரும்.

தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும் சில பானங்களைப் பாலைத் திரியவைத்து, பனீர் எடுப்பதுபோல வடிகட்டித்தான் தெளியவைக்கிறார்கள். பால் சேராதவர்கள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மாமிசக் கொழுப்பின் வாசனையை மதுவில் ஏற்றுவதும் உண்டு. பழைய முறையில் செய்யும் சில சிவப்பு மதுவகைகளுக்கு ஒரு பூச்சியிலிருந்து நிறம் எடுத்தார்கள். நேட்டிவில் எறும்பு போட்ட பானமே பேர் வாங்கியது. அதனால் உட்கார்ந்தவுடன் “முட்டை, மீன், மாமிசம் எதுவும் சேரக் கூடாது” என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் முட்டை அதில் அடங்கும் என்று நினைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

குடிக்காதவர்கள் கூட வரலாமா?

வரலாம், கட்டாயம் வரலாம். மது இல்லாத காக்டெய்ல் என்று மெனுவில் ஒரு பகுதி இப்போது பெரும்பாலான இடங்களில் இருக்கிறது. வெறும் ஆரஞ்சு ஜூஸை உயரக் கிளாஸில் ஊற்றித் தருகிற காலம் போய்விட்டது. ஊறவைத்த தேயிலை, புளிக்கவைத்த பழச்சாறு, வறுத்த மசாலா என்று அதற்கும் அதே உழைப்பு. விலை கொஞ்சம் குறைவு. எனக்கும் குடிக்காத நாள்கள் உண்டு, ஏன் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. உங்களோடு வந்தவரையும் கேட்காதீர்கள், “ஒரு சிப் எடுத்துப் பாரேன்” என்று வற்புறுத்தவும் வேண்டாம்.

மார்க்கப்படி ஒரு துளியும் கூடாது என்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சில மதுவில்லாப் பானங்களிலும் ஒன்றிரண்டு சொட்டு கசப்புச் சாறு விடுவார்கள், அது மதுவில் ஊறவைத்தது. முன்கூட்டியே சொன்னால் தவிர்த்துவிடுவார்கள்.

பெண் தனியாகப் போகலாமா?

நான் போகிறேன். மாதத்தில் இரண்டு மூன்று தடவை, தனியாக, கவுண்டரின் ஓர இருக்கையில்.

ஊரில் வளர்ந்த பெண்ணுக்கு அந்தப் படியில் முதல் தடவை ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். யாராவது பார்த்துவிடுவார்களோ, என்ன நினைப்பார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டேதான் ஏறினேன். உள்ளே என்னை மாதிரியே இன்னொரு பெண் புத்தகம் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான், அன்றோடு பயம் போயிற்று. சின்ன பாரில் ஒரு பாதுகாப்பும் உண்டு. பத்துப் பேர் இருக்கும் அறையில் எல்லோரும் பார்டெண்டரின் கண்பார்வையில் இருப்பார்கள். பக்கத்தில் யாராவது தொல்லை கொடுத்தால் அவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள், அல்லது இடம் மாற்றித் தரச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் சொல்வதற்கு முன்னாலேயே கவனித்துவிடுவார்கள். எங்கே இருந்தாலும் கழிவறைக்குப் போகும்போது பாதிக் கிளாஸை அப்படியே விட்டுப் போகாதீர்கள், முடித்துவிட்டுப் போங்கள், அல்லது பார்டெண்டர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போங்கள்.

எவ்வளவு செலவாகும்?

ஒரு பானம் 22 முதல் 28 வெள்ளி வரை (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்போம்). அதற்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைமேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி என்று அதற்குப் பொருள். 24 வெள்ளி என்று மெனுவில் பார்த்தால் கையிலிருந்து போவது 28 வெள்ளி 78 காசு. இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு பானம் குடித்தால் 115 வெள்ளி. ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். அதனால் ஒன்றே ஒன்று குடித்துவிட்டு வாருங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நானே பெரும்பாலான நாளில் அப்படித்தான்.

டிப்ஸ் வைக்கும் பழக்கம் இங்கே இல்லை. நன்றாக இருந்தது என்று வாயாலே சொல்லிவிட்டு வாருங்கள்.

சிங்கப்பூர் ஸ்லிங் குடிக்க வேண்டாமா?

அது பிறந்த இடம் ராஃபிள்ஸ் ஹோட்டலின் லாங் பார். 1915-இல் ஞியாம் டோங் பூன் என்ற ஹைனானிய பார்டெண்டர் உருவாக்கியது என்று ஹோட்டல் சொல்கிறது. ஜின், செர்ரி மதுச்சாறு, அன்னாசிச் சாறு எல்லாம் சேர்ந்த இளஞ்சிவப்புப் பானம். அங்கே நிலக்கடலையை உரித்துத் தோலைத் தரையிலேயே போடலாம், குழந்தைகளுக்கு அது கொண்டாட்டம். ஒரு தடவை போய்ப் பாருங்கள். அது பெரிய கூடம், நான் இங்கே சொல்லும் ரகம் வேறு.

எத்தனை குடிக்கலாம்?

பெரியவர்களுக்கு இரண்டு, அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கணக்கு. காரணம் சொல்கிறேன். 40 விழுக்காடு மது 60 மில்லி ஊற்றினால் அதில் சுத்த ஆல்கஹால் கிட்டத்தட்ட 19 கிராம். சிங்கப்பூரில் ஓர் அளவு மது என்று சுகாதாரத் துறை கணக்கிடுவது 10 கிராமை. ஆக, அழகான சின்னக் கிளாஸில் வரும் ஒரு பானம் ஏறக்குறைய இரண்டு அளவு. இனிப்பும் குளிர்ச்சியும் அதை மறைத்துவிடும், எழுந்து நின்றால்தான் தெரியும். அந்தச் செங்குத்துப் படியை மறந்துவிடாதீர்கள்.

வெறும் வயிற்றோடு போகவே கூடாது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், கர்ப்பிணிகள் மது இல்லாத பக்கத்தைப் பாருங்கள். வைத்திருக்கும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருங்கள், கேட்காமலே நிரப்புவார்கள். வயது 18 நிறைந்திருக்க வேண்டும், இளமையான முகம் என்றால் பாஸ்போர்ட் கேட்பார்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பாரில் கொறிக்க ஏதாவது இருக்கும், வயிறு நிறையாது. முதலில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அமோய் ஸ்ட்ரீட் உணவங்காடி நிலையம் மதியத்துக்குத்தான் சரி, சாயங்காலம் பல கடைகள் மூடியிருக்கும். மேக்ஸ்வெல் உணவங்காடிக்கு நடந்து போகலாம். அல்லது லாவ் பா சாட் என்ற இன்னொரு உணவங்காடி. அதன் பக்கத்து பூன் டாட் ஸ்ட்ரீட்டை சாயங்காலம் அடைத்துவிட்டு, நடுத்தெருவில் கரி அடுப்பு வைத்து, குச்சியில் கோத்த இறைச்சியான சாத்தே சுடுவார்கள். கோழி, ஆட்டிறைச்சி, நிலக்கடலைச் சாறு. புகை உடுப்பெல்லாம் ஏறும், இருந்தாலும் பரவாயில்லை.

படம் எடுக்கலாமா?

உங்கள் கிளாஸை எடுக்கலாம். ஃபிளாஷ் வேண்டாம். பார்டெண்டரைப் படம் பிடிக்க வேண்டுமானால் கேட்டுவிட்டு எடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் படத்தில் விழவே கூடாது. வீடியோ கால் போட்டு வீட்டாருக்கு அறையைச் சுற்றிக் காட்டுவது, தயவுசெய்து வேண்டாம். கீழே இறங்கி, தெருவில் நின்று பேசுங்கள்.

வீட்டுக்கு எப்படித் திரும்புவது?

எம்ஆர்டி என்ற நகர ரயிலில் கடைசி வண்டி நள்ளிரவை ஒட்டிப் போய்விடும். தெலுக் ஆயர் நிலையம் டவுன்டவுன் தடத்தில் இருக்கிறது, லிட்டில் இந்தியாவில் தங்கியிருப்பவர்களுக்கு வண்டி மாறாமல் ஒரே ரயில். ஆன் சியாங் ஹில் பக்கம் இறங்கினால் மேக்ஸ்வெல் நிலையம் கிட்டே. நள்ளிரவுக்கு மேல் டாக்சி மீட்டர் கட்டணத்தில் பாதி கூடுதலாகச் சேரும். கார் ஓட்டி வந்திருந்தால் மது குடிக்க வேண்டாம். மூச்சில் 100 மில்லிக்கு 35 மைக்ரோகிராம் என்பது இங்கே வரம்பு, நான் சொன்ன மாதிரியான ஒரு கிளாஸுக்குப் பிறகு அதை ஊகித்துப் பார்க்கிற வேலையே வேண்டாம்.

இன்னொன்று. இரவு பத்தரை முதல் காலை ஏழு வரை பொது இடத்தில் மது குடிப்பது சட்டப்படி குற்றம், கடையில் வாங்கிக்கொண்டு போகவும் முடியாது. 2015-இல் வந்த சட்டம். லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதிக்கு இன்னும் கடுமை. பாரில் உட்கார்ந்து குடிப்பதற்கு அதன் உரிமத்தைப் பொறுத்து நேரம் உண்டு. கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு ஐந்தடி வழிக்கு இறங்கி வராதீர்கள்.

கடைசி ஆர்டர் சொன்ன பிறகு உட்கார்ந்திருக்கலாமா?

கையில் இருப்பதை முடிக்கிற வரை தாராளமாக. விளக்கைக் கொஞ்சம் கூட்டினார்கள் என்றால் கிளம்பும் நேரம். அவர்களுக்கு அதற்குப் பிறகும் ஒரு மணி நேர வேலை இருக்கிறது. ஷேக்கர் கழுவ வேண்டும், எலுமிச்சை மிச்சத்தைக் கொட்ட வேண்டும், நாளைக்கு ஐஸுக்குத் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். நாப்கினை மடித்து கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பேர் சொல்லி நன்றி சொல்லிவிட்டு இறங்குங்கள். படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.